எட்டு இலக்க எண்

லோகேஸ்வரி எதையும் சுலபத்தில் நம்ப மாட்டாள். கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறாள். “வயிறு வலிக்குது ஆன்டி” என்று சொல்லும் பிள்ளையைக்கூட ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள்.

கணவர் சபாபதி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். காலையில் சவரம் செய்யும்போது அவர் ஏதோ முணுமுணுப்பதைக் கொஞ்ச நாளாகவே கவனித்து வந்தாள். ஒருநாள் குளியலறைக் கதவோரம் காதை வைத்தாள். “ஏழு மூணு ஒன்பது மூணு, ஒன்பது ஒண்ணு மூணு மூணு.” மறுநாளும் அதே வரிசை.

முன்னால் 011 சேர்த்தால் கைப்பேசி எண். அவர் வேலைக்குப் போனதும் அழைத்துப் பார்த்தாள்.

“ஹலோ, சியாப்பா இனி?” என்று, யார் பேசுவது என ஒரு மலாய்ப் பெண் கேட்டாள். லோகேஸ்வரி அழைப்பைத் துண்டித்தாள்.

பிறகு அவருடைய சட்டையை முகர்ந்தாள். கைப்பேசியைத் துழாவினாள். அந்த எண் அதில் எங்குமே இல்லை. அழித்துவிட்டு மனப்பாடமாக வைத்திருக்கிறார் என்று முடிவு செய்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் தோசைக்குக் காத்திருந்தபோது கேட்டேவிட்டாள். “73939133. யாரு அவ?”

சபாபதி விழித்தார். “அவளா? அது போன் நம்பர் இல்ல லா. பகா எண். ஒண்ணும் அதுவும் தவிர எதாலயும் மீதியில்லாம வகுபடாது. கடைசி இலக்கத்த எடுத்துடு, மிச்சமும் பகா எண்தான். ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டே வா, ஏழு மட்டும் நிக்கிற வரைக்கும் அப்படித்தான். இந்த மாதிரி எண்ணுலயே இதுதான் பெருசு. பின்னால எந்த இலக்கத்தச் சேர்த்தாலும் உடைஞ்சிரும்.”

“கதை விடாதீங்க.”

கைப்பேசியில் ஏழால் வகுத்தாள், பதின்மூன்றால் வகுத்தாள். புள்ளிக்குப் பின்னால் எண்கள் நீண்டன. எண்ணின் முடிவில் 1 சேர்த்து மூன்றால் வகுக்கச் சொன்னார் சபாபதி. மீதியில்லாமல் வந்தது.

“கணக்கு சரி. அத நீங்க ஏன் தினமும் சொல்லணும்?”

தோசை வந்தது. இருவரும் தொடவில்லை.

“போன மாசம் கிரேன்ல உட்கார்ந்திருக்கேன். கீழ லோரி நிக்குது. அடுத்து எந்த லீவர இழுக்கணும்னு திடீர்னு தெரியல. கொஞ்ச நேரம்தான். அதுக்கப்புறம் பயம் வந்துருச்சி. காலைல எழுந்ததும் அந்த நம்பர் முழுசா வருதான்னு பாப்பேன். முதல் நாலு இலக்கத்த மனசுலயே வகுத்துப் பாப்பேன். தலை ஓடுதான்னு தெரியணும்ல.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா மேல ஏற விடுவியா?”

மறுநாளே அரசு மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். பி12 சத்து குறைவு, ஷிப்ட் மாறி மாறிச் செய்ததில் தூக்கமும் கெட்டிருக்கிறது என்றார் டாக்டர். ஊசி போட்டார்கள். சபாபதி தானாகவே சூப்பர்வைசரிடம் சொல்லி, தரை வேலைக்கு மாறினார்.

தீபாவளிக்குப் பிறகு, இனி கிரேன் ஏறலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். லோகேஸ்வரி அதை நம்பவில்லை. பிரிக்பீல்ட்ஸில் இன்னொரு டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவரும் அதையே சொன்னார்.

“ரெண்டு பேரும் ஒரே காலேஜ்ல படிச்சிருப்பாங்களோ?” என்று வெளியே வந்ததும் கேட்டாள்.

சபாபதி சிரித்தார். அவள் சிரிக்காமலே அவர் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தாள்.