கை காட்டினீங்களா?

இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் எதிரே, வெள்ளைக் கோடுகளின் மேல்தான் ரோட்டைக் கடந்தேன். பாதி வழியில் ஒரு பைக் இடித்துத் தள்ளியது. வலது மணிக்கட்டு முறிந்தது.

பைக்கில் வந்தவர் என்னைத் தூக்கிவிடும்போதே, “கை காட்டுனீங்களாம்மா?” என்றார். இரண்டு கையிலும் பை இருந்தது. “இல்ல” என்றேன். அவ்வளவுதான், தீர்ப்பு முடிந்துவிட்டது.

“கை காட்டாம வந்தா அவருக்கு எப்டிம்மா தெரியும்?” என்றார் ஓரத்தில் பூ விற்கிற அம்மா.

விசாரிக்க வந்த போலீஸ்காரரும் அதையேதான் கேட்டார்.

“சார், கீழ பாருங்க. கோட்டு மேலதான வந்தேன்? வண்டிதான சார் நிக்கணும்?” என்று கத்தினேன்.

“சட்டம் அப்டித்தாம்மா. ஆனா நீங்களும் கை காட்டியிருக்கலாம்ல?”

வலியைவிட ஆத்திரத்தில்தான் அழுதேன்.

மாவுக்கட்டு பிரித்த மறுவாரம், கணவரின் ஸ்கூட்டரில் அதே வழியாகப் போனோம். இடுப்பில் குழந்தையும் கையில் பையுமாக ஒரு பெண் கோட்டின் மேல் வர, கணவர் சடன் பிரேக் போட்டார். பின்னாலிருந்து நான் தலையை நீட்டி, “கை காட்டிட்டு வரக் கூடாதாம்மா?” என்று கத்திவிட்டேன்.

அவள் குனிந்து, காலடியில் இருந்த கோட்டைப் பார்த்தாள். அன்றைக்கு நான் போலீஸ்காரரைப் பார்க்கச் சொல்லிக் கத்திய அதே கோட்டை.