ஜட்ஜ் வீட்டு பிஷப்

மயிலாப்பூர் நடைபாதையில் பழைய புத்தகக் கடை. எங்கள் பள்ளிக்கூடத்தைக் கட்டிய வெள்ளைக்கார பிஷப்பின் வரலாறு, சிவப்பு அட்டையோடு என் கையில் இருக்கிறது. இதற்காகத்தான் மதுரையிலிருந்து வந்திருக்கிறேன். கடைக்காரர் வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிறார்.

"விக்க முடியாது சார். கோடம்பாக்கத்துல சீரியலுக்கு வாடகைக்குப் போய்க்கினு கீது. அதுல வர்ற ஜட்ஜ் ரூம் அலமாரில நிக்கும்."

ஜட்ஜ் என்றதும் தெரிந்துவிட்டது, அம்மா விடாமல் பார்க்கும் சீரியல் அது.

"இந்தப் பட்டாள வரலாறும் சிவப்புதானே? சீரியலுக்கு இதக் குடுங்களேன்."

"போன சீன்ல பிஷப்புதான் இருந்தாரு. மாத்துனா டைரக்டர் கத்துவாரு. ஜட்ஜ் சாவுற வரிக்கும் பிஷப் நகரக் கூடாது."

"ஜட்ஜ் எப்ப சாவாரு?"

"ஹார்ட் அட்டாக் வந்து கீது. பொழச்சிக்குவாருன்னு பேசிக்கிறாங்க."

ஜட்ஜ் பிழைக்க வேண்டுமென்று ஊரில் அம்மா விளக்கேற்றியிருக்கிறாள். நான் எதிரே தெரியும் கோபுரத்தைப் பார்த்து, அவர் சீக்கிரம் போய்ச் சேர வேண்டுமென்று கும்பிடுகிறேன்.