ஏழேகாலுக்கு முன் மேலே வரவேண்டிய கப்பல்

சிங்காரவேலுவைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் மற்ற பயந்தாங்கொள்ளிகளுக்கு அவமானம். அவர்கள் நடக்கப்போவதை நினைத்துத்தான் பயப்படுவார்கள். இவர் நடந்து முடிந்ததை, அதுவும் நல்லபடியாக முடிந்ததை நினைத்துப் பயப்படுவார். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, "அந்த டிரைவரு கொஞ்சம் கண்ணசந்திருந்தா?" என்று வேர்த்துப்போவார்.

பாகூர் ஏரிக்கரையை ஒட்டிய ஊர் அவருடையது. பெயர் வேண்டாம், அந்த ஊரில் எனக்குச் சம்பந்தி வீடு இருக்கிறது. ஊருக்கு ஒரு ரேடியோ. ரேடியோவுக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு சாவி, இதையெல்லாம் கண்காணிக்க மூன்று பேர் கமிட்டி. சாவி சிங்காரவேலுவிடம் இருந்தது. மாலையில் ஆறு மணிக்குத் திறந்து, கூரைமேல் கட்டிய ஒலிபெருக்கியில் பாட்டு, உர விளம்பரம், ஏழேகால் செய்தி எல்லாம் ஊருக்குக் கேட்கவைத்து, எட்டரைக்குப் பூட்டிவிட வேண்டும். பாகூர் கடைத்தெருவில் குடும்பத்துக்கு மளிகைக்கடை உண்டு. கல்லாவில் அண்ணன் சண்முகசுந்தரம் உட்கார்ந்துவிட்டார். மிளகாய் மூட்டையைத் தவிர தம்பியை நம்பி யாரும் எதையும் ஒப்படைத்ததில்லை. முதல்முதலாக ஒப்படைத்தது அந்தச் சாவியைத்தான். தூங்கும்போதும் அரைஞாண் கயிற்றில் கட்டியிருப்பார்.

வம்பு வந்தது துவரம்பருப்பில். ஊரைக் காலி செய்துகொண்டு போன யாரோ ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டுப் பழைய பத்திரிகைகள் எடைக்கு வந்து, அண்ணன் கடையில் பொட்டலம் மடிக்கப் பயன்பட்டுக்கொண்டிருந்தன. அரைக்கிலோ பருப்பைப் பிரித்துக் கொட்டிய சிங்காரவேலு தாளைப் பார்த்தார். தண்ணீருக்குள் ஒரு குட்டிக் கப்பல், கரையில் தொப்பி வைத்த ஒருவர், அவர் கையில் ஒரு பெட்டி, நடுவில் காற்றில் மின்னல் கோடு. பிரெஞ்சு ஒரு எழுத்து தெரியாது. ஆனால் ரேடியோ ரிப்பேர் பார்த்துப் பழகியவருக்குக் கீழே இருந்த சர்க்யூட் படம் புரிந்தது. அது எந்த மொழியும் இல்லையே. படத்தில் பாதிதான் இருந்தது. மீதிப் பாதி புளி சுற்றிக்கொண்டு யார் வீட்டுக்கோ போய்விட்டிருந்தது. ஒரு வாரம் வீடு வீடாகப் போய், "ஒங்க வூட்டுப் புளி மடிச்ச காயிதம் இருக்குதா?" என்று கேட்டார். ஊரே ஒரு மாதிரியாகப் பார்த்தது. தாள் கிடைத்தது, புளிக்கறையோடு.

அந்தக் கப்பலைக் கட்ட மூன்று வருஷம் ஆயிற்று. மூன்று பால்பவுடர் டின்களை முட்டுக்கு முட்டு ஈயம் வைத்துப் பற்றவைத்தார். பவுடர் டப்பாவை வெட்டி விசிறி. பொம்மைக் காரின் மோட்டார். பின்பக்க மூடிக்குச் சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் வளையம், அதன்மேல் கிரீஸ். அடியில் கனத்துக்கு வலை ஈயம். ஈயம் கொடுத்தவர் பூரணாங்குப்பத்து மீன்காரர் ஆதிமூலம். கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"முழுவுற படகு கட்ட நீ எதுக்குய்யா? எங்க குப்பத்துல கட்டுறதெல்லாம் அதான். முழுவாம ஒண்ணு கட்டிக் குடு, கும்புடுறேன்."

"அண்ணே, இது முழுவிட்டுத் திரும்ப மேல வரும்."

"அப்ப ஏன் முழுவணும்?"

சிங்காரவேலு ஈயத்தை மடியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஏன் என்று எனக்கும் தெரியவில்லை.

வேலை செய்யும் விதம் எளிது. கப்பல் இரண்டு விரல்கடை வெளியே தெரியும்படி மிதக்கும். கரையில் இருக்கும் பிஸ்கட் டின்னில் ஒரு பொத்தான். அழுத்தினால் மோட்டார் சுற்றும். முன்னால் சாய்வாக வைத்த தகடுகள் கப்பலைக் கீழே தள்ளும். விட்டால் மோட்டார் நிற்கும், கப்பல் தானாக மிதந்து மேலே வரும். அழுத்தினால் கீழே, விட்டால் மேலே. இவ்வளவு எளிதாக இருக்கிறதே என்பதுதான் அவருடைய பயம்.

மனிதன் சந்திரனில் கால் வைத்த வருஷம் அது. ஆயுத பூசைக்கு மறுவாரம் மழை இறங்கினால் ஏரி சேறாகிவிடும். ஆதிமூலம் கடலுக்குப் போகாத நாளும் ஆயுத பூசைதான். ஆகவே ஆயுத பூசையன்று பகல் மூன்று மணிக்கு ஏரியில் விடுவது என்று முடிவாயிற்று. அன்று காலையில் கடைசிக் கம்பியைப் பற்றவைக்கும்போது சூட்டுக்கோல் ஒரு விநாடி அதிகம் நின்றது. டிரான்சிஸ்டர் பொசுங்கிப்போனது. பட்டாணி அளவு சாமான். புதுச்சேரியில் கிடைக்கும், ஆனால் ஆயுத பூசைக்கு எல்லாக் கடைக்கும் பூட்டு. அதே டிரான்சிஸ்டர் இன்னொன்று ஊரிலேயே இருந்தது. எங்கே என்று அவருக்குத் தெரியும். சாவியும் இடுப்பில் இருந்தது.

'மூணு மணிக்கு வுடுறோம், மூணரைக்கு எடுக்குறோம், அஞ்சுக்குள்ள திரும்பப் பத்தவெச்சிடலாம்' என்று தனக்குத் தானே நாலு தடவை சொல்லிக்கொண்டு, பஞ்சாயத்து ரேடியோவின் முதுகைத் திறந்தார். மூடும்போது, அது தன்னையே பார்ப்பது போல இருந்ததாம். ஊர்ச்சொத்தில் கைவைத்தவன் என்று பெயர் வந்தால் சாவியும் போகும், ஊரில் முகமும் போகும்.

வீட்டில் மனைவி கமலவேணி அரிவாள்மணை, சைக்கிள், தையல் மெஷின், கப்பல் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் படைத்திருந்தாள்.

"படைச்ச சாமானை இன்னிக்கே எடுக்குறீங்களே, ஏங்க, நாளைக்குத்தான எடுக்கணும்?"

"ரேடியோவை மட்டும் இன்னிக்கே எடுக்கலாமா?"

"அதுக்குக் கமிட்டி தீர்மானம் போட்டிருக்குது."

உண்மை. செய்திக்கு விலக்கு அளித்து மூன்று பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கப்பலுக்கு அப்படி ஒரு தீர்மானம் இல்லை. தவிர, வெளியே வைத்த பொட்டு தண்ணீரில் கரைந்துவிடும். கரைந்த பிறகு காப்பாற்றுவது யார்? யோசித்தார். கமலவேணி அடுப்படிக்குப் போனதும் பின்மூடியைக் கழற்றி, உள்பக்கமாகச் சந்தனத்தைக் குழைத்துப் பெரிதாக ஒரு பொட்டு வைத்து, நடுவில் குங்குமமும் இட்டு மூடிவிட்டார். இனிமேல் கரையாது.

ஏரியில் முதல் தடவை அழுத்தினார். மூக்கைக் குத்திக்கொண்டு கப்பல் உள்ளே போயிற்று. விட்டார். வந்தது. ஆதிமூலம் வாயைத் திறந்தபடி நின்றார். இரண்டாவது தடவையும் வந்தது, ஆனால் ஒரு விரல்கடைதான் தெரிந்தது. எடுத்து உலர்த்திப் பார்த்திருக்கலாம். பயந்தவனுக்கு சந்தோஷம் வந்தால் அது பயத்தைவிட மோசம். மூன்றாவது தடவை அழுத்தினார். விட்டார்.

தண்ணீர் சும்மா இருந்தது.

திரும்ப அழுத்தினார். விட்டார். அழுத்தினார். கரையில் நின்று மாடு மேய்த்த ராமாயி, "இன்னாப்பா, கெணத்துல காசு போட்டவன் மாதிரி பாக்குற?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

"அண்ணே, உள்ள பஞ்சாயத்து டிரான்சிஸ்டர் இருக்குதுண்ணே."

"இன்னா இருக்குது?"

சொன்னார். ஆதிமூலம் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். "மொதல்லயே சொல்லக்கூடாதா? நான் ஒன் டின்னு போச்சுன்னு நெனச்சேன்."

வீச்சு வலை போட்டார். வேலங்கட்டையில் மாட்டி ஒரு முழம் கிழிந்தது. பிறகு இறங்கி முங்கினார். மேலே வந்து துப்பினார். "கடல்ல முங்குனா அடியில மணலு. இது இன்னாய்யா, காலை வெச்சா விடமாட்டேங்குது!" நாலரை ஆயிற்று. ஐந்தரை ஆயிற்று. சிங்காரவேலு கழுத்தளவுக்கு இறங்கி, ஒரு கையில் பிஸ்கட் டின்னைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி, இன்னொரு கையால் அந்தப் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார். படைத்த சாமானை எடுத்தது ஒரு குற்றம், ஊர்ச்சாமானை எடுத்தது ஒரு குற்றம். எதற்கு இந்தத் தண்டனை என்று தெரிந்தால் அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தாராம்.

ஆறு மணிக்கு கரைமேல் செல்லப்பன் வந்து நின்றான். ரேடியோ அறையைக் கூட்டுகிறவன்.

"யோவ், ரூமு தொறக்கலியா? பிரெசிதான் வந்து குந்திகினு இருக்காரு!"

பிரெசிதான் என்பது கமிட்டித் தலைவர் தெய்வநாயகம். அரிசி மில்காரர். பிரெஞ்சுக்காரர்கள் போனாலும் அந்தப் பட்டத்தை அவர் விடவில்லை.

"தோ வரேன்னு சொல்லு!"

"குளிச்சிட்டா?"

"ஆமா, குளிச்சிட்டு!"

ஆறரைக்கு ஆதிமூலம் அலறினார். கப்பலின் ஏரியல் கம்பி அவர் பாதத்தில் ஏறியிருந்தது. ரத்தக் காலோடு கப்பலைத் தூக்கி வந்தார். மூடியைத் திறந்ததும் ஏரி வெளியே வந்தது. ரப்பர் வளையத்தின்மேல், உள்ளே வைத்த பொட்டிலிருந்து காய்ந்து உதிர்ந்த சந்தனக்கட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது, குங்குமத்தோடு. அந்த இடுக்கு வழியாகத்தான் தண்ணீர் புகுந்திருந்தது. சிங்காரவேலுவுக்கு அழக்கூட நேரமில்லை. டிரான்சிஸ்டரைப் பிடுங்கிக்கொண்டு ஈர வேட்டியோடு ஓடினார்.

அறையின் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். வெளியே நூறு பேர். லீவு நாள் கூட்டம். டிரான்சிஸ்டரைத் துண்டில் துடைத்து, ஊதி, மறுபடி ஊதி, சூட்டுக்கோலை வைத்தார். காலையில் பொசுக்கிய அதே கை.

"இன்னாடா சிங்காரம், உள்ள பூசையா?" தெய்வநாயகத்தின் குரல்.

"இல்லீங்கய்யா, தூசி தட்றேன்."

"ஏழு பத்து ஆவுதுடா! செய்தியே போனப்புறம் தூசி தட்டி இன்னாத்துக்கு?"

ஏழு பதினான்குக்குத் திருகினார். ஒன்றுமில்லை. பெட்டியில் தட்டினார். ஒரு கரகரப்பு வந்தது. பிறகு செய்தி வாசிப்பவர் வந்தார், தொண்டையில் எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போல. சிங்காரவேலு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நின்றார். யாரும் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. தப்பித்தாயிற்று. இந்த இடத்தில் வேறு எவனாக இருந்தாலும் வீட்டுக்குப் போயிருப்பான்.

"இன்னிக்கு அவுரு தண்ணிக்குள்ளேர்ந்து பேசுறாப்பல இருக்குதே," என்றார் தெய்வநாயகம், சும்மாதான், வெற்றிலையை மென்றபடி.

சிங்காரவேலு அவர் காலில் விழுந்துவிட்டார். பருப்புப் பொட்டலம் தொடங்கி ரப்பர் வளையம் வரை எல்லாவற்றையும் சொன்னார். ஒலிபெருக்கியில் நாட்டு நடப்பு போய்க்கொண்டிருந்தது. ஒருவரும் அதைக் கேட்கவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு தெய்வநாயகம் வெற்றிலையைத் துப்பினார்.

"முழுவுச்சா?"

"முழுவுச்சுங்கய்யா."

"சாவியக் குடு."

அரைஞாணிலிருந்து அவிழ்க்க வெகுநேரம் பிடித்தது, முடிச்சு நனைந்திருந்தது.

சாவி செல்லப்பனுக்குப் போயிற்று. முதல் நாள் செய்திக்குப் பதில் இலங்கை வானொலி கேட்டது. இரண்டாம் நாள் யாரும் அறியாத ஒரு மொழியில் ஒரு பெண் நெடுநேரம் திட்டினாள். மூன்றாம் நாள் ஊர் நெல் விலை தெரியாமல் தவித்தது. நாலாம் நாள் கமிட்டி கூடி, சாவியைத் திருப்பிக் கொடுத்து, ஒரு கட்டளையும் எழுதி அறைச் சுவரில் ஒட்டியது: 'வானொலிப் பெட்டியின் உறுப்புகளை நீர்மட்டத்துக்குக் கீழே கொண்டுசெல்லலாகாது.' மூன்று கையெழுத்து.

அதன்பிறகு தெய்வநாயகம் மெதுவாகக் கேட்டார்: "அத மறுபடி எப்படா வுடுவ? நானும் பாக்கணும்."

தீபாவளி கழிந்து, மழை இடைவிட்டு ஏரி தெளிந்த ஒரு நாள், சொந்த டிரான்சிஸ்டரோடு விட்டார். கமிட்டி மூன்று பேரும் வந்திருந்தார்கள். ஊரில் பாதி வந்திருந்தது. ஆதிமூலம் காலில் கட்டோடு வந்திருந்தார், எதற்கும் இருக்கட்டும் என்று வலையும் எடுத்துக்கொண்டு. சிங்காரவேலு அழுத்தினார். கப்பல் போயிற்று. பொத்தானை விட்டார். எத்தனை நேரம் போயிற்று என்று அவருக்குத் தெரியாது.

"யோவ் சிங்காரம்," என்றார் ஆதிமூலம். "அது மேல வந்து ரொம்ப நேரமாச்சு. கண்ணத் தொற."