கமாண்டுக்குப் பிறந்த நாள், பாண்டிக்கு லீவு இல்லை

பட்டாளத்தில் துப்பாக்கி தூக்கியவனுக்கு மெடல் கிடைக்கும். டைப்ரைட்டர் தட்டியவனுக்கு மூலம்தான் கிடைக்கும். ராணுவத்தின் பெரும் பிரிவான ஒரு கமாண்டின் தலைமையகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து, தட்டித் தட்டியே சுபேதாராகி, இப்போது பொன்னமராவதியில் குப்புறப் படுத்தபடி இதை எழுதுகிறேன். ஃபைலோடு மாரடித்தவர்களுக்கு என் அவஸ்தை சொல்லாமலே புரியும்.

கரையானும் இங்கிலீஷும்

வருஷா வருஷம் கமாண்டின் வரலாற்றை டைப் அடித்தது நான்தான். வெள்ளைக்காரன் காலத்து ஃபைல். அதைத் தின்ற கரையான்கூட இங்கிலீஷில்தான் அரிக்கும். நானே காதால் கேட்டிருக்கிறேன். ஒரு காலத்தில் அந்தக் கமாண்ட் பாதி நாட்டுக்குப் பொறுப்பான கூட்டுக்குடும்பம். பிறகு புதுக் கமாண்டுகள் பாகம் பிரிந்து போயின. இப்போதும் உச்சியில் ஜெனரல், அவருக்குக் கீழே ஏரியா, அதற்குக் கீழே சப்-ஏரியா, அதற்கும் கீழே ஸ்டேஷன் என்று படிப்படியாக ஆபீஸ்கள்.

இதையெல்லாம் அடுத்த தெரு செல்லையாவுக்கு ஒரு மணி நேரம் விளக்கினேன். அவர் மகன் பாண்டி அதே தலைமையகத்தில் சமையல்காரன். செல்லையா தன் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். மாப்பிள்ளைக்கு மோதிரம் போடப் பெண்ணின் அண்ணன் வந்தாக வேண்டும். பொறுமையாகக் கேட்டுவிட்டு செல்லையா சொன்னார்:

"எல்லாஞ் சரிண்ணே. இதுல எம்மகனுக்கு லீவு குடுக்குற ஆளு எங்கிட்டு இருக்காரு?"

ரேஸ்

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது செல்லையா வெளிறிப்போய் வந்தார். 'ரெய்ஸிங் டே' வருவதால் லீவை நிறுத்திவிட்டார்களாம். பாண்டி போனில் சொன்னானாம். மாட்டுவண்டிப் பந்தயம் நடக்கும் ஊர்க்காரர் காதில் அது எப்படி விழும்? 'ரேஸிங் டே' என்று விழுந்திருக்கிறது. அதை அப்படியே சம்பந்தி வீட்டிலும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரெய்ஸிங் டே என்றால் கமாண்டை உருவாக்கிய நாள், அதாவது அதன் பிறந்த நாள். காலையில் அணிவகுப்பு, மத்தியானம் விருந்து. சமையல்காரன் ஒருவனும் நகர முடியாது. இதைச் சொல்லிப் புரியவைக்க நானும் அவரோடு சம்பந்தி வீட்டுக்கு ஓடினேன். பெண்ணின் அண்ணனுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை, அதுதான் சாக்குச் சொல்கிறான் என்று அங்கே முடிவே கட்டிவிட்டார்கள். என் வரலாற்றை வாசல்படி தாண்டவிடாமல் மாப்பிள்ளையின் அப்பா சொன்னார்:

"பந்தயம் முடிஞ்சு மச்சான் எப்ப வாராரோ, அப்பத் தாலி கட்டிக்கலாங்க."

நகல்

செல்லையா பெயரில் பாண்டியின் அதிகாரிக்கு மனு அடித்தேன். எழுதிக் கொடுத்தவன் என்று என் பெயரையும் போட்டேன். அத்தோடு விட்டிருக்கலாம். கை பழக்கதோஷத்தில் 'நகல், தகவலுக்காக' என்று ஸ்டேஷனில் தொடங்கி ஜெனரல் வரை ஏறிவிட்டது. படிக்கு இரண்டு ஆபீஸராக எட்டு நகல். எல்லாவற்றையும் ஸ்பீட் போஸ்டில் போட்டுவிட்டு வந்த பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. ஒரு சமையல்காரன் லீவுக்கு ஜெனரலையா இழுப்பது? பையனைத் தண்டித்துவிட்டால்? சோறு இறங்கவில்லை. இளைத்த இளைப்பில் கைக்கடிகாரம் முழங்கைக்கு ஏறிவிட்டது.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் திருச்சி பஸ்ஸிலிருந்து பாண்டி இறங்கினான். மறுநாள் மோதிரம் போட்டான், தாலியும் ஏறியது. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, காதோடு சொன்னான்:

"எட்டு ஆபீஸரும் தனித்தனியாக் கூப்புட்டு, யாருய்யா அந்த சுபேதாருன்னு கேட்டாங்க பெரியப்பா. அந்தாளு ஒம்பதாவது நகல் அடிக்கிறதுக்குள்ள ரயிலேறிருன்னு வெரட்டி விட்டுட்டாங்க."

கமாண்டின் அமைப்பை வருஷக்கணக்காக மேலிருந்து கீழாகவே டைப் அடித்த எனக்கு, கீழிருந்து மேலாக அடித்தால்தான் அது அசையும் என்பது ரிட்டயரான பிறகுதான் தெரிந்தது.