வார்டில் படித்த பேய்க்கதை

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். சாமி கும்பிடுகிறவன் பேய்க்கதையைப் புகழ்கிறானே என்பார்கள்.

எழுபதுகளில் என் மகன் விஷக்காய்ச்சலோடு தருமபுரி ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். முருகா முருகா என்று சொல்லியே நாக்கு வறண்டு, உட்காரவும் தெம்பில்லாமல் இருந்தேன். அடுத்த கட்டிலில் மனைவியைச் சேர்த்திருந்த பாலக்கோட்டுத் தையற்கார பாய், பேய்க்கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

“ஏன் பாய், இங்க இருக்கிற பயம் பத்தலீங்களா?”

“இந்தப் பயத்துக்குக் கடைசிப் பக்கம் இருக்குதுங்க அண்ணா. நம்ம பயத்துக்கு அது எங்கன்னு தெரியலீங்களே.”

படித்து முடித்த பாதியைக் கிழித்து நீட்டினார். “பேய் கிணத்துல இருக்குது. பாத்துப் படிங்க.”

படித்தேன். கிணற்றிலிருந்து கை மேலே வந்த இடத்தில் ஆஸ்பத்திரியே மறந்துபோனது. அப்போது “அப்பா, தண்ணி” என்று ஒரு குரல் கேட்டு அலறிவிட்டேன். மகன் கண் திறந்திருந்தான். பாய் சிரித்தார். அழுதுகொண்டே நானும் சிரித்தேன்.

அவர் மனைவி பிழைக்கவில்லை. பாய் ஊருக்குப் போகும்போது மீதிப் பாதியை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

மகனைக் கொடுத்தவன் முருகன்தான். அதுவரை என்னைத் தாங்கியது அந்தக் கதை. இதைப் பிறருக்குச் சொல்கிறவர்கள் பேயை விட்டுவிட்டுச் சாமியை மட்டும் சொல்லாதீர்கள். பாயையும் விடாமல், நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.