டாக்மாரின் இடது பக்கம்

சிகாகோவில் ஆறு வருஷம் ஓவியம் படித்தும் தோரா ஹெக்லண்டுக்கு வரையப் பிடித்தது மூன்றே விஷயம்: சோளக்காடு, கதிரடிக்கும் கூட்டம், மாடு. பாரிஸ் பாணியில் முக்கோண முகம் போடச் சொன்ன வாத்தியாரிடம், "எங்க ஊர்ல யாருக்கும் அப்படி மூஞ்சி இல்லையே சார்" என்றவள் அவள். அயோவாவில் எட்டு ஊர்ச் சுவர்களைப் படங்களால் நிரப்பிய பிறகு, 1938 அறுப்புக் காலத்தில், பிறந்த ஊரான எல்ம் ஃபோர்க்கின் தபால் நிலையச் சுவர் அவளுக்குக் கிடைத்தது.

பிறந்த ஊர் சும்மா விடுமா? தபால் வாங்க வந்தவர்கள் எல்லாம் சாரத்துக்குக் கீழே நின்று கழுத்து வலிக்க வலிக்கக் குறை கண்டுபிடித்தார்கள். குதிரைச் சேணத்தில் ஒரு வார் விட்டுப்போயிற்று என்றார்கள். நியாயம்தான், போட்டாள். ஓட்ஸ் கட்டு இவ்வளவு குண்டாக இருக்காது என்றார்கள். இளைக்க வைத்தாள்.

புதன்கிழமை ஆர்னி ப்ரெக்கே வந்தார். பதினாறு மாடு வைத்திருக்கிறார். அந்தப் பதினாறுக்கும் சேர்த்து அவரே கத்துவார்.

"ஏம்மா தோரா, மாட்டுக்கு எந்தப் பக்கம் உக்காந்து பால் கறப்பாங்க?"

"இடது பக்கம்தான். படத்துல இருக்கே."

தபால் நிலையமே சிரித்தது.

"வலது பக்கம்மா. ஆதாம் காலத்துலேருந்து வலது பக்கம். சிகாகோ காபி குடிச்சதும் மாடு மறந்துபோச்சா?"

"பத்து வருஷம் நானே கறந்திருக்கேன். எங்க அப்பா சொல்லிக்கொடுத்து."

வேறு யாராவது அப்படிக் கறந்ததுண்டா என்று சுற்றியிருந்தவர்களைக் கேட்டாள். அத்தனை தலையும் இல்லையென்று ஆடின. மற்றவர்கள் கறப்பதைத் தோரா பார்த்ததே இல்லை. எப்படிப் பார்ப்பாள்? எல்லார் வீட்டிலும் பால் கறப்பது ஒரே நேரத்தில். அந்த நேரத்தில் அடுத்த வீட்டுத் தொழுவத்தை எட்டிப் பார்க்க யாரால் முடியும்?

போஸ்ட்மாஸ்டர் க்ளைட் வாம்ஸ்லி பாவம், சண்டை பிடிக்காத மனிதர். ஊருக்குத் திருப்தி என்று சனிக்கிழமைக்குள் அவர் வாஷிங்டனுக்கு, படத்துக்குப் பணம் கொடுக்கும் அரசாங்கத்துக்கு, எழுதினால்தான் படம் சுவரில் நிற்கும்.

"ஆளை அந்தப் பக்கம் மாத்திடேன் தோரா. ஒரு நாள் வேலைதானே?"

"மாத்தினா மாட்டுக்குப் பின்னால மறைஞ்சுடுவார். அவர் எங்க அப்பா, க்ளைட்."

நில்ஸ் ஹெக்லண்ட் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரு போட்டோ கூடக் கிடையாது. மாட்டின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கறக்கும் அந்த முகத்தை நினைவிலிருந்து பிடிக்க அவளுக்கு மூன்று வாரம் பிடித்தது.

"அப்ப மாட்டையே திருப்பிடு" என்றார் க்ளைட்.

தோரா சுவரைக் காட்டினாள். திருப்பினால் மாட்டின் பின்பக்கம் சரியாகப் போஸ்ட்மாஸ்டர் அறைக் கதவுக்கு மேலே வரும். க்ளைட் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வேணாம்" என்றார்.

சனிக்கிழமை ஊரே வந்தது. ஆர்னியின் மனைவி இங்கா இலவங்கப்பட்டை ரொட்டி சுட்டுக்கொண்டு வந்திருந்தாள். கணவர் பேச ஆரம்பிப்பதற்குள் அவள் கண் படத்தில் மாட்டின் கொம்பில் விழுந்தது. ஒரு கொம்பு கண்ணுக்கு நேராக மடங்கியிருந்தது.

"இந்தாங்க, இது டாக்மார் இல்ல?"

"அவளேதான்" என்றாள் தோரா. "அப்பா போனதும் ஏலத்துல போனாளே."

ஆர்னியின் முகம் சிவந்தது. ஏலத்தில் டாக்மாரை வாங்கியதே அவர்தான். வாங்கிய முதல் வாரத்தில் அவள் உதைத்து அவருடைய முன்பல் ஒன்று போனது. ரெண்டு வருஷம் உதை வாங்கியதைத்தான் அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

"சனியன் பிடிச்ச மாடு" என்றார். "கிட்டயே விடமாட்டா."

"அப்பாகிட்ட ஆட்டுக்குட்டி மாதிரி நிப்பாளே. நீங்க எந்தப் பக்கம் உக்காந்தீங்க?"

"எல்லாரும் உக்கார்ற பக்கம்தான்."

சொன்ன கையோடு ஆர்னியின் விரல் பல் போன இடத்தைத் தடவியது. இங்காதான் முதலில் சிரித்தாள். பிறகு கூரை பறக்கிற சிரிப்பு.

"நில்ஸுக்கு இடது கால் மடங்காதே" என்றாள் இங்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சர்ச்சுல கூட நீட்டிக்கிட்டுத்தான் உக்காருவார். வலது பக்கம் உக்காந்தா அந்தக் கால் மாட்டோட பின்னங்கால்ல இடிச்சிருக்கும்."

தோராவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அந்தக் காலை அவள் தினம் பார்த்தவள்தான். ஆனால் அப்பா அந்தப் பக்கம் உட்கார்ந்தது அந்தக் காலால்தான் என்பது இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிகிறது.

ஆர்னி தொப்பியைக் கழற்றிக்கொண்டு சுவருக்குக் கிட்டே போனார். நில்ஸின் மூடிய கண்களை நெடுநேரம் பார்த்தார்.

"எழுதுய்யா க்ளைட்" என்றார். "அந்த ஆள் சரியாத்தான் உக்காந்திருக்கார். தப்பான பக்கம் உக்காந்தது நான்."