சின்னம்மாவைப் பெண் பார்த்த ரயில் நிலையம்

எழுபதுகளின் நடுவில் நாங்கள் சிட்னியில், நார்த்மீட்டில் இருந்தோம். அப்போது அங்கே தமிழ்க் குடும்பங்கள் குறைவு. கல்யாணத்துக்கு ஏற்ற மாப்பிள்ளைகள் அதைவிடக் குறைவு. தம்பி பிறந்தபோது உதவிக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவின் தங்கை வந்திருந்தார். அந்தச் சின்னம்மாவுக்கு ஒரு மாப்பிள்ளை அகப்பட்டதும் வீடு இரண்டுபட்டது.

மாப்பிள்ளை பல்கலைக்கழகத்தில் தொல்லியல் ஆய்வு செய்துகொண்டிருந்தார்.

"கெதியில டொக்டராகப் போறாராம்" என்றார் அம்மா.

"டொக்டர்தான். ஆனா வருத்தக்காரருக்கு இல்லை, இடிஞ்ச வீடுகளுக்கு" என்றார் அப்பா.

மலைகளுக்கு அப்பால், எப்போதோ கைவிட்ட ஒரு ரயில்பாதை ஓரம் எஞ்சிக் கிடந்த கட்டடங்களை அவர் அளந்துகொண்டிருந்தார். வேலை முடியும்வரை சிட்னிக்கு வரமுடியாதாம். சின்னம்மாவின் விசாவோ முடியப்போகிறது. அதனால் உலக வழக்கத்துக்கு மாறாக, பெண் வீட்டார் நாங்கள் பலகாரம் சுட்டுக்கொண்டு பெண்ணைக் காட்டப் போனோம். எனக்கு எட்டு வயது. சின்னம்மா இங்கேயே தங்கிவிடுவார், எனக்கும் பட்டுப்பாவாடை கிடைக்கும் என்று துள்ளிக்கொண்டிருந்தேன்.

மரமே இல்லாத மேட்டுநிலம். முழங்கால் உயரப் புதர், குளிர்காற்று. தண்டவாளத்தை எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பாதை இருந்த மண்மேடு மட்டும் நேராக ஓடியது. அதன் ஓரம் புகைபோக்கி ஒன்று வீடில்லாமல் தனியே நின்றது. சேறு படிந்த சப்பாத்தோடு ஓடிவந்த மாப்பிள்ளை, கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டுக் கும்பிட்டார். பிறகு கூச்சத்தில், வேறு பேச்சுத் தெரியாமல், கற்களைக் காட்டத் தொடங்கினார். இது கூலிகள் இருந்த குடிசையின் அத்திவாரம். இது பாண் சுட்ட அடுப்பு. அப்பா கொட்டாவி விட்டார்.

அடுத்த கட்டடம் சற்றுத் தள்ளி இருந்தது. "தங்கச்சிக்கும் ஒருக்காக் காட்டுங்கோவன்" என்று அம்மா சாடையாகச் சொல்லி, துணைக்கு என்னையும் அனுப்பினார்.

அது ஒரு சிறிய நிலையம். மேடையின் கல்விளிம்பும், இடுப்பளவு செங்கற் சுவர்களும் மிச்சம். பெண்கள் ரயிலுக்குக் காத்திருந்த அறை இதுதான் என்று மாப்பிள்ளை சொல்லி, வாசல் இருந்த இடத்தால் சின்னம்மாவை உள்ளே அழைத்தார். சின்னம்மா பட்டுச்சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரில் உட்கார்ந்தார். என்னை மேடையடியில் கண்ணாடித்துண்டு தேடச் சொன்னார்கள். தேடினேன். காற்று ஓய்ந்த நேரங்களில் பேச்சுக் கேட்டது. பேசியது அவரல்ல, சின்னம்மா. வெகுநேரம்.

"அக்காவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. தெரிஞ்சால் என்னைத் திரும்பப் போகவே விடமாட்டா."

"நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம். நான் சொல்லுறன்."

எட்டிப் பார்த்தேன். சின்னம்மா கண்ணைத் துடைத்தார். அவர் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். கல்யாணம் முடிவாகிவிட்டது என்று நான் முடிவுகட்டினேன்.

திரும்பி வந்தபோது அம்மா பாயை விரித்துப் பலகாரத்தைப் பரப்பியிருந்தார். மாப்பிள்ளை உட்காரவில்லை.

"குறை நினைக்காதேங்கோ. எனக்கு இது சரிவராது. விருப்பமில்லை."

"ஏன் தம்பி, பிள்ளையில என்ன குறை?" அப்பாவின் குரல் மாறியிருந்தது.

"ஒரு குறையுமில்லை. எனக்குத்தான் விருப்பமில்லை."

முறுக்கையும் பயற்றம் பணியாரத்தையும் அம்மா டின்னில் திரும்பப் போட்டு மூடியை அடித்து இறுக்கினார். காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிராத அந்த மனிதர் பார்த்துக்கொண்டே நின்றார். சின்னம்மா கம்பளிச் சட்டையைக் கழற்றி மடித்து இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தார். மாப்பிள்ளை மெல்லச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்புப் பொறுக்கவில்லை.

அடுத்த மாதம் சின்னம்மா ஊருக்குப் போனார். வருஷம் திரும்புவதற்குள், தான் முன்பே விரும்பியிருந்த வேதக்கார வாத்தியாரை, ஒரு கிறிஸ்தவரை, கட்டிக்கொண்டார். "அண்டைக்கு அந்தக் கல்லுப் பொறுக்கி ஓமெண்டிருந்தால் இது நடந்திருக்குமோ" என்று அம்மா நெடுங்காலம் அவரைத் திட்டினார். அம்மாவோடு சேர்ந்து நானும் திட்டினேன்.

அன்று நிலையத்திலிருந்து காரில் திரும்பினோம். பின் இருக்கையில் சின்னம்மாவின் தோளில் சாய்ந்திருந்தேன். அவர் உடம்பு இலேசாகக் குலுங்கியது. அவமானத்தில் அழுகிறார் என்று நினைத்து, ஆறுதலாகக் காதுக்குள் சொன்னேன்: "எனக்கும் அந்த ஆளைப் பிடிக்கேல்லை."

"அப்பிடிச் சொல்லாதை, குஞ்சு" என்றார் சின்னம்மா. "அவர் நல்லவர்."

திரும்பிப் பார்த்தேன். கண்ணெல்லாம் நீர், ஆனால் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று சொன்னவனை யாராவது நல்லவன் என்பார்களா? சின்னம்மாவுக்குக் கொஞ்சமும் ரோசமில்லை என்று எனக்குக் கோபம் வந்தது. வீடு வந்து சேரும்வரை நான் அவரோடு பேசவில்லை.